குத்தகைக் குளத்தில் விரால்: ஒழிப்பதா, விடுவதா?

நத்தம் பக்கத்து வாசகர் ஒருவர் கேட்டது:

"மலையடிவாரத்துல நாலு பேர் சேர்ந்து ஒரு குளத்தைக் குத்தகைக்கு எடுத்தோம். கட்லா, ரோகு குஞ்சு விட்டோம். இழுத்துப் பார்த்தா பாதிகூடத் தேறல. உள்ள கிடந்த விரால்தான் எல்லாத்தையும் முழுங்கிருச்சுன்னு வலைக்காரங்க சொல்றாங்க. விராலை அடியோட ஒழிக்க என்ன வழி?"

ஆகஸ்ட் 11

என்ன அளவுக் குஞ்சு விட்டீர்கள் என்று எழுதவே இல்லையே. அதில்தான் பாதி விடை இருக்கிறது.

விரால் இரையைக் கடித்துக் கிழித்துத் தின்கிற மீன் இல்லை. பாசிக்குள் அசையாமல் கிடந்து, பக்கத்தில் வந்ததை ஒரே வாயில் விழுங்கும். வாய் கொள்ளாததை அதனால் ஒன்றும் செய்ய முடியாது. பெரிய நீர்நிலையில் விடும் குஞ்சு குறைந்தது 100 மில்லிமீட்டர் இருக்க வேண்டும் என்று மீன்வளத் துறைக்காரர்கள் கரடியாய்க் கத்துவது இதற்காகத்தான். நம் ஆட்கள் செய்வது என்ன? சின்னக் குஞ்சு விலை குறைவு, ஒரே பையில் நிறைய வரும் என்று நகத்தளவுக் குஞ்சை வாங்கி மத்தியான வெயிலில் மடைவாயில் கொட்டுகிறோம். அதைத் தின்ன விரால் வேண்டியதில்லை. கொக்கும், நீர்க்காகமும், தண்ணீர்ப்பாம்பும், ஏற்கெனவே கிடக்கிற கெளுத்தியும் போதும். சூடு தாங்காமல் செத்தது தனிக் கணக்கு.

வலைக்காரர் சொன்னது முழுப் பொய்யும் இல்லை. விரால் தின்னும். ஆனால் பாதிக் குளத்தைத் தின்ன எத்தனை விரால் வேண்டும் என்று யோசியுங்கள். அத்தனை கிடந்தால் கட்லாவை மறந்துவிட்டு விராலைப் பிடித்து விற்றாலே குத்தகைப் பணம் வந்துவிடும்.

ஆகஸ்ட் 11, இரவு

வழி கேட்டதற்கு நேராகப் பதில் சொல்லவில்லை என்று கோபம் போல. சொல்கிறேன்.

நாற்றங்கால் குளங்களில் குஞ்சு விடும் முன் இலுப்பைப் புண்ணாக்குப் போடுவார்கள். பத்து லட்சம் பங்கு தண்ணீருக்கு 250 பங்கு. ஒரு ஹெக்டேர் பரப்பு, ஒரு மீட்டர் ஆழம் என்றால் 2,500 கிலோ வரும். அதிலுள்ள சபோனின் என்கிற நஞ்சு மீனின் ரத்தச் சிவப்பணுவை உடைத்துவிடும். விரால், குரவை, கெளுத்தி எல்லாம் மேலே வந்து மிதக்கும். இரண்டு மூன்று வாரத்தில் நஞ்சு அடங்கிப் புண்ணாக்கு உரமாகிவிடும். சின்னக் குளத்துக்கு நல்ல முறைதான், குறை சொல்ல ஒன்றுமில்லை.

உங்கள் குளத்தில் இதைச் செய்தால் முதலில் புண்ணாக்கு விலையில் குத்தகை முழுகும். அடுத்து, அந்தத் தண்ணீரை நம்பியிருக்கிற ஆடுமாட்டுக்காரர்கள் உங்களை முழுக வைப்பார்கள். பூச்சிமருந்து, வெடி என்று எவனாவது யோசனை சொன்னால் கிட்டச் சேர்க்காதீர்கள். 1897-ஆம் வருஷத்து மீன்வளச் சட்டத்திலேயே அது குற்றம்.

இன்னொன்று. எங்கள் சந்தையில் உயிர் விரால் விலை, கட்லா விலையைப் போல மூன்று பங்குக்குக் குறையாது. விலை கூடிய மீனைக் கொன்று விலை குறைந்த மீனைக் காப்பாற்றுகிற வியாபாரம் எனக்குப் புரியவில்லை.

ஆகஸ்ட் 14

"விரால், குரவை எல்லாம் ஒன்றுதானே" என்று ஒருவர். ஒரே சாதி, வேறு வேறு மீன்.

குளத்தில் பெரும்பாலும் கிடைப்பது வரி விரால். முதுகு கறுப்பு, வயிறு வெளுப்பு, பக்கத்தில் சாய்ந்த பட்டைகள். ஒன்று, ஒன்றரைக் கிலோவே நல்ல மீன். குரவை சின்னது, உடம்பெல்லாம் புள்ளி, எந்தச் சேற்றிலும் கிடக்கும், முள் கூடுதல். பூவிரால் ஆற்று மடுவிலும் அணையின் ஆழத்திலும் இருப்பது, ஒரு மீட்டரையும் தாண்டி வளரும். வாலடியில் ஆரஞ்சு வளையம் போட்ட கண் மாதிரி ஒரு புள்ளி இருக்கும், அதை வைத்தே சொல்லிவிடலாம்.

நாலாவது ஒன்று மலையில் இருக்கிறது. தாண்டிக்குடி, பெரும்பாறைப் பக்கம் காப்பித் தோட்டத்து ஓடைகளில் கல்லைப் புரட்டினால் ஒரு சாண்கூட இல்லாத மீன் ஒன்று வழுக்கிக்கொண்டு போகும். துடுப்பு ஓரத்தில் ஆரஞ்சுக் கோடு. சிலர் பாறைக்குரவை என்பார்கள். அறிவியலில் சன்னா கச்சுவா. இதில் ஆண் மீன் முட்டையை வாயிலேயே வைத்துப் பொரிக்கும். அத்தனை நாளும் சரியான தீனி கிடையாது. கீழே குளத்தில் இருக்கிற வரி விரால் அப்படி இல்லை, அது கூடு கட்டுகிற ஆள். அதைப் பிறகு எழுதுகிறேன், இப்போது மோட்டார் போடப் போகணும்.

ஆகஸ்ட் 19

கூடு பற்றி எழுத உட்கார்ந்தால் வேறு கேள்வி வந்து நிற்கிறது: "வலையில் விழுந்த விரால் ஏன் செத்துக் கிடக்கு? தண்ணிக்குள்ளதானே இருந்துச்சு?"

நல்ல கேள்வி. தண்ணீருக்குள் இருந்ததால்தான் செத்தது. விராலுக்குச் செவுள் மட்டும் போதாது. தலைக்குள், செவுளுக்கு மேலே, மடிப்பு மடிப்பாக ஓர் அறை இருக்கிறது. மேலே வந்து வாயால் காற்றைக் குடித்து அதில் நிரப்பிக்கொள்ளும். வளர்ந்த விரால் அடிக்கடி மேலே வராவிட்டால் மூச்சு முட்டிச் சாகும். சாயங்காலம் கட்டிய செவுள்வலையில் ராத்திரி மாட்டி, மேலே வர முடியாமல் கிடந்தால் விடியும்போது பிணம். அதே மீனை ஈரச் சாக்கில் சுற்றி நிழலில் வைத்தால் மணிக்கணக்காக உயிரோடு கிடக்கும்.

இந்த மீனின் வியாபாரமே இந்த மூச்சில்தான் நிற்கிறது. ஐஸ் வேண்டாம். அரைத்தொட்டித் தண்ணீர் போதும். வாங்குகிறவர் கண் முன்னால் துள்ள வேண்டும், துள்ளினால் முழு விலை. செத்த விராலைக் கூறு கட்டி விற்க வேண்டியதுதான். விரால் பிடிக்கிறவர்கள் வலையை விட்டுத் தூண்டிலுக்கும், மூங்கில் கூடையான ஊத்தாவுக்கும் போவது பழமைப் பற்றால் இல்லை. அதில்தான் மீன் உயிரோடு கைக்கு வரும்.

ஆகஸ்ட் 20

"விரால் நடக்குமாமே?"

நடக்காது, உந்திக்கொண்டு நகரும். மழை பெய்து புல் நனைந்த ராத்திரியில் ஒரு குட்டையிலிருந்து பக்கத்துக் குட்டைக்கு நெளிந்து போகும். எங்கள் தோப்பு வரப்பில் பார்த்திருக்கிறேன். பழனி வரை பாதயாத்திரை எல்லாம் வராது.

அமெரிக்காவில் இதன் சீனத்துச் சொந்தக்காரன் ஒருவன் 2002-ல் மேரிலாந்தின் குரோஃப்டன் ஊர்க் குளத்தில் அகப்பட்டு, நாடே அலறி, அரசே குளத்தில் மருந்து ஊற்றிக் கொன்றது. அதே வருஷம் இந்த இனம் முழுவதையும் இறக்குமதி செய்யத் தடை போட்டார்கள். அங்கே அது வந்தேறி, அவர்கள் பயம் நியாயம். நம் குளத்தில் வந்தேறி யார் என்று கேட்டால் ஜிலேபி மீனைத்தான் காட்டணும். 1952-ல் இந்தியாவுக்குள் கொண்டுவந்தது, இன்றைக்கு எந்த அணையில் வலை போட்டாலும் முதலில் அதுதான் வருகிறது.

ஆகஸ்ட் 21

மேலே சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கணும். ஜிலேபி ஓயாமல் குஞ்சு பொரித்துக் குளத்தை நிரப்பிவிடும், எல்லாம் உள்ளங்கை அளவிலேயே நின்றுபோகும். அந்தக் குஞ்சைத் தின்று கணக்கைச் சரிசெய்ய விராலைச் சேர்த்து விடுவது தெரிந்த முறைதான். உங்கள் குளத்து விரால் என்ன தின்கிறது என்று தெரிய வேண்டுமா? அடுத்த முறை அறுக்கும்போது குடலைத் தூக்கி எறியாமல் வயிற்றைக் கீறிப் பாருங்கள். நான் அறுத்த அளவில் தவளையும் தட்டான் புழுவும் ஜிலேபிக் குஞ்சும்தான் அதிகம் கண்டேன். கட்லா கண்டதே இல்லை என்று சொல்லவில்லை.

செப்டம்பர் 2

கூடு.

மழை விழுந்து தண்ணீர் ஏறியதும் ஓரத்தில், முழங்கால் ஆழத்தில், சம்பும் நெய்வேலிக் காட்டாமணக்கும் முளைத்த இடமாகப் பார்த்து ஜோடி வந்து நிற்கும். வாயாலும் வாலாலும் பாசியை விலக்கி ஒரு வட்டம். வெளியிலிருந்து பார்த்தால் பாசிக்கு நடுவில் தாம்பாளம் அளவு தெளிந்த தண்ணீர், அவ்வளவுதான். அதில் முட்டை மிதக்கும். ஒவ்வொரு முட்டைக்குள்ளும் ஒரு எண்ணெய்த் துளி இருப்பதால் அடியில் போகாது. தேன் நிறத்தில், சில ஆயிரம் முட்டை. வெதுவெதுப்பான தண்ணீரில் ஒன்றிரண்டு நாளில் பொரித்துவிடும்.

கொஞ்ச நாள் கழித்துக் குஞ்சு நல்ல செக்கச்செவேல் என்று இருக்கும், எல்லாம் ஒரே கூட்டமாகத் திரியும். அதுகளுக்கும் காற்று வேண்டுமே, மொத்தமாக மேலே வந்து வாய் வைத்துவிட்டு மொத்தமாக உள்ளே போகும். தண்ணீர் அந்த இடத்தில் மட்டும் உலையில் அரிசி கொதிப்பது போலப் பொரியும். கரையில் நிற்கிற யாருக்கும் தெரியும். சிக்கலே அதுதான்.

அடியில் தாயும் தகப்பனும் நிற்கும். மூன்று நான்கு வாரம் விட்டுப் போகாது. தவளை வந்தாலும் பாம்பு வந்தாலும் பாயும். காலை விட்டால் காலிலும் இடிக்கும்.

செப்டம்பர் 5

"அப்போ குஞ்சுக் கூட்டத்துக்கு மேல தவளையைப் போட்டா கட்டாயம் கடிக்கும்ல?" என்று ஒரு தம்பி கேட்டிருக்கிறார்.

கடிக்கும். உயிர்த் தவளை வேண்டாம், ரப்பர் தவளையே போதும். பசியில் கடிப்பதில்லை தம்பி, குஞ்சை விட்டுத் துரத்தக் கடிக்கிறது. சாதாரண நாளில் விரால் அவ்வளவு லேசில் ஏமாறாது. தவளையை முதுகில் குத்தி, இலை மேல் தத்தவிட்டு, அரை நாள் குத்தவைத்தாலும் ஒன்றும் வராத நாள் உண்டு. குஞ்சோடு நிற்கிற விராலோ முதல் வீச்சிலேயே வரும். தாயைத் தூக்கினால் அடுத்த வீச்சில் தகப்பனும் வரும். படம் எடுத்துப் போடப் பிரமாதமாக இருக்கும். அடுத்த அரை மணியில் ஜிலேபியும் கெண்டையும் அந்தச் செங்குஞ்சை அள்ளிவிடும். இரண்டு மீனுக்குச் சில ஆயிரம் மீன் விலை.

என் சித்தப்பா விரால் தூண்டிலில் கைதேர்ந்தவர். ஐப்பசி, கார்த்திகையில் செங்குஞ்சு தெரிந்த குளத்தில் தூண்டில் எடுத்தால் கையிலிருந்து பிடுங்கி ஒடித்துவிடுவார். இதில் தர்மம், பாவம் என்று அவர் பேசிக் கேட்டதில்லை. "தை மாசம் நான் எதைடா பிடிப்பேன்?" என்பதுதான் அவர் கேள்வி.

விரால் குறைந்துபோச்சு என்று ஆளுக்கு ஆள் புலம்புகிறோம். ஆப்பிரிக்கக் கெளுத்தி, பூச்சிமருந்து, மண் அள்ளுவது, எல்லாக் காரணமும் சொல்கிறோம். எல்லாம் உண்மை. ஆனால் அந்த நாலு வாரம் கையைக் கட்டிக்கொண்டு சும்மா இருப்பதுதான் காசு செலவில்லாமல் நம்மால் ஆகிற காரியம். அதைத்தான் யாரும் செய்வதில்லை.

செப்டம்பர் 6

"குஞ்சோட நிக்கிறப்ப பிடிக்காம எப்பத்தான் பிடிக்கிறது?" தை பிறந்ததிலிருந்து ஆனி வரை மீதி வருஷம் முழுக்கக் கிடக்கிறதே ராசா.

குளம் வற்றுகிற பங்குனி, சித்திரையில் ஊரே இறங்கி மீன் அழிக்கிற நாளில் ஊத்தா போட்டுப் பாருங்கள். மூங்கில் கூடையைக் கவிழ்த்து அழுத்தியதும் உள்ளே பக்கவாட்டில் ஓர் இடி விழும். ஜிலேபி படபடவென்று பல முறை அடிக்கும், விரால் ஒரே முறை கனமாக இடித்துவிட்டுச் சேற்றுக்குள் இறங்கும். மேல் ஓட்டை வழியாகக் கையை விட்டுத் துழாவித் தலையைக் கண்டுபிடித்து, செவுளுக்குப் பின்னால் அமுக்கிப் பிடிக்கணும். வாலைப் பிடித்தால் அது உங்களுடையது இல்லை. தண்ணீர் முழுதாக வற்றினாலும் ஈரச் சேற்றுக்குள் புதைந்து நாள் கடத்தும். எங்கள் ஊரில் கம்பியால் குத்திப் பார்த்துத் தோண்டி எடுப்பவர்கள் இருக்கிறார்கள்.

செப்டம்பர் 17

புண் வந்த விராலைத் தின்னலாமா என்ற கேள்விக்கு.

அந்த நோய் 1988-ல் வடகிழக்கு மாநிலங்கள் வழியாக இந்தியாவுக்குள் வந்தது. இரண்டு மூன்று வருஷத்தில் நம் பக்கமும் இறங்கிவிட்டது. காரணம் அஃபனோமைசிஸ் என்ற பூஞ்சை மாதிரி உயிரி. பெருமழைக்குப் பிறகு தண்ணீர் குளிர்கிற மாதங்களில் வரும். விராலையும் குரவையையும்தான் முதலில் பிடிக்கும். சிவந்த தடிப்பாகத் தொடங்கி, சதையைத் தின்று, முள் தெரிகிற குழியாகிவிடும். அந்த நாளில் மீன் சந்தையே படுத்தது, கடல் மீனைக்கூட வாங்க ஆளில்லை. நான் சின்னப் பையன், வீட்டில் பல வாரம் கருவாடு மட்டும்தான்.

மனுசனுக்கு ஒட்டுகிற நோய் இல்லை. அதற்காகப் புண் மீனைக் குழம்பு வைக்கச் சொல்லமாட்டேன், பார்த்தால் இறங்காது. குளத்துக்காரர்கள் மழைக்கு முன்னால் சுண்ணாம்பு போட்டுவைப்பது நல்லது.

அக்டோபர் 3

கொடைக்கானல் ஏரியில் விரால் விடலாமே என்று யோசனை. 1863-ல் லெவிஞ்ச் துரை தேக்கிய அந்த ஏரி ஏழாயிரம் அடிக்குப் பக்கத்தில் கிடக்கிறது. விரால் வெதுவெதுப்பான தண்ணீர் மீன். அங்கே விட்டால் உயிர் தங்கினாலும் வளராது. விட வேண்டிய அவசியமும் இல்லை.

மலைத் தண்ணீருக்கு வேறு மீன் தேடியது பெரிய கதை. பிரான்சிஸ் டே என்று சென்னை ராணுவத்தில் ஒரு மருத்துவர். அதே 1863-ல் நீலகிரிக்கு டிரவுட் கொண்டுவர முயன்றார், நடக்கவில்லை. பிறகு 1907 வாக்கில் வில்சன் என்பவர் அவலாஞ்சியில் பொரிப்பகம் வைத்துத்தான் டிரவுட்டை நிலைக்க வைத்தார். கண்ணாடிக் கெண்டை 1939-ல் இலங்கையிலிருந்து ஊட்டிக்கு வந்தது.

இந்த டே துரைக்கும் விராலுக்கும் ஒரு தொடர்பு உண்டு. 1865-ல் கொச்சிப் பக்கம் கிடைத்த குஞ்சுகளை வைத்து மலபார் விராலைப் புது இனமாக எழுதினார். பிறகு வந்தவர்கள் அது தென்கிழக்காசிய மீன்தான் என்று அதோடு சேர்த்துவிட்டார்கள். 2011-ல் மரபணுவைப் பார்த்து, டே சொன்னதுதான் சரி, தனி இனம் என்று நிரூபித்தார்கள். 146 வருஷம். அது மேற்கே பாய்கிற கேரள ஆறுகளின் மீன். பழனி மலைத் தண்ணீர் வைகைக்கும் அமராவதிக்கும் கிழக்கே இறங்குவது, ஆகவே மருதாநதியில் தேடாதீர்கள்.

அக்டோபர் 9

சமையல் கேட்டு மூன்று பேர். விராலில் வேலையெல்லாம் கழுவுவதில்தான். கோழை போகும் வரை சாம்பல் அல்லது கல்லுப்புப் போட்டு, சொரசொரப்பான கல்லில் தேய்க்கணும். தேங்காய் நார் வைத்துத் தேய்த்தாலும் சரி. செதில் போன பிறகு தோல் வெளுத்து, கையில் பிடிபடும். அதற்குப் பிறகு புளி, மிளகாய், சின்ன வெங்காயம், உங்கள் வீட்டு வழக்கம். தலையைத் தூக்கிப் போடுகிறவர்களோடு எனக்குப் பேச்சில்லை.

ஆபரேஷன் ஆனவர்களுக்கு விரால் கொடுப்பது நம் ஊரில் மட்டுமில்லை, மலேசியாவிலும் அப்படித்தான். ஹைதராபாத்தில் ஜூன் மாதம் மிருகசீரிடக் கார்த்தியன்று ஆஸ்துமாக்காரர்களுக்கு மருந்து அடைத்த உயிர் விரால் குஞ்சை விழுங்கக் கொடுக்கிறார்கள். பலன் உண்டா என்று என்னிடம் கேட்காதீர்கள். முள் குறைவு, சதை கெட்டி, அதுவரைக்கும்தான் எனக்குத் தெரிந்த மருத்துவம். தெலங்கானாவுக்கு மாநில மீனும் விரால்தான்.

அக்டோபர் 22

முதல் கேள்வி கேட்டவர் திரும்ப வந்திருக்கிறார். கட்லாவை விட்டுவிட்டு விராலே வளர்க்கப் போகிறாராம். அண்ணே, கொஞ்சம் பொறுங்கள்.

விரால் வளர்ப்பில் முதல் எதிரி விரால்தான். ஒரே நாளில் பொரித்த குஞ்சில் ஒன்று கொஞ்சம் முந்தி வளர்ந்தால் பக்கத்தில் இருப்பதை விழுங்கும். விழுங்கியது இன்னும் வேகமாக வளர்ந்து அடுத்ததை விழுங்கும். வாரத்துக்கு வாரம் அளவு பிரித்துத் தனித் தொட்டியில் போடணும். பிரிக்கச் சோம்பல்பட்டால் கடைசியில் நாலே நாலு கொழுத்த மீன் மிஞ்சும். அடுத்தது தீனி. உயிர் இரையிலிருந்து குருணைத் தீவனத்துக்குப் பழக்கியதா என்று கேட்டு, கண் முன்னால் தின்னக் காட்டினால்தான் குஞ்சு வாங்கணும். சுற்றிலும் வலை கட்டணும், இல்லையென்றால் மழை ராத்திரியில் நீங்கள் போட்ட பணம் பக்கத்துக் காட்டுக்கு ஊர்ந்து போய்விடும். நான் பங்கு சேர்ந்த ஒரு குளத்தில் குஞ்சு விற்ற ஆள் பழக்கிய குஞ்சு என்று சொல்லி ஆற்றில் அள்ளியதைத் தலையில் கட்டினார். தீவனம் அப்படியே அடியில் அழுகியது, மீன் ஒன்றையொன்று தின்றது.

என் யோசனை: கட்லாவை விடாதீர்கள், பெரிய குஞ்சாக வாங்குங்கள். இருக்கிற விராலை அப்படியே விடுங்கள். கோடையில் பிடித்து உயிரோடு விற்றால் குத்தகையில் ஒரு பங்கு தேறும்.

நவம்பர் 10

நல்ல மழை. மருதாநதிக்குத் தண்ணீர் வந்துகொண்டிருக்கிறது. கீழே ஒரு குளத்தில் நேற்று இரண்டு இடத்தில் செங்குஞ்சு பார்த்தேன். ஒரு கூட்டம் இன்னும் சிவப்பு, இன்னொன்று கறுக்கத் தொடங்கிவிட்டது, அதாவது அந்த ஜோடி முந்தின மழைக்கே முட்டை போட்டிருக்கணும்.

நவம்பர் 11

எந்தக் குளம் என்று கேட்ட எல்லோருக்கும் சேர்த்து: சொல்லமாட்டேன். ரப்பர் தவளைத் தம்பிக்குத் தனியாக: தை பிறந்ததும் கேள், நானே கூட்டிப் போகிறேன்.